‘மேகலா’ ஏன் ‘மகேலா’ ஆனார்? பைத்தான் விண்டோவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளாத கதை

திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில் பக்கத்துத் தெரு ஒன்றில் என் சித்தப்பா தையல் கடை வைத்திருக்கிறார். அளவு, அட்வான்ஸ், டெலிவரி தேதி எல்லாம் ஒரு நீளமான நோட்டில்தான் இருக்கும். “ஒரு சின்ன சாஃப்ட்வேர் பண்ணித் தரேன் சித்தப்பா, நோட்டுக்கு வேலையே இருக்காது” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, இரண்டு வார இறுதிகளில் பைத்தானில் ஒன்றை எழுதினேன். என்னுடைய விண்டோஸ் லேப்டாப்பில் அது அழகாக ஓடியது.

கடையில் இருந்தது வேறு லேப்டாப். தம்பி பிளஸ் 2 படித்தபோது அரசு கொடுத்தது. அதில் ஓடுவது லினக்ஸ். அதே புரோகிராமை அதில் திறந்தேன். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

“யாருடா இது, மகேலா?”

வாடிக்கையாளரின் பெயர் மேகலா. கொம்பு ‘ம’வை விட்டுவிட்டு ‘க’வின் முன்னால் போய் நின்றுவிட்டது. சேகர், ‘சகேர்’ ஆகியிருந்தார். கோமதியைப் படிக்கவே முடியவில்லை. பெயரைப் பார்த்துத்தான் அலமாரியில் துணியைத் தேட வேண்டும். பெயரே மாறிப்போனால், ஒருத்தருடைய ஜாக்கெட் இன்னொருத்தர் வீட்டுக்குப் போய்விடும்.

“கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாதுடா. விடு” என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் நோட்டை எடுத்தார்.

அவர் சொன்னது தப்பு. அந்த லேப்டாப்புக்குத் தமிழ் நன்றாகவே தெரியும். அதே திரையில் பிரவுசரைத் திறந்தால் மேகலா மேகலாவாகத்தான் இருந்தார். தமிழ் தெரியாமல் நின்றது நான் எழுதிய விண்டோ மட்டும்தான். ஏன் அப்படி? அதைப் புரிந்துகொண்டால், வீட்டுக்கோ கடைக்கோ ஆபீஸுக்கோ சின்னச் சின்ன டூல் எழுதும் எல்லோருக்கும் பாதித் தலைவலி குறையும்.

ஸ்கிரிப்ட் எழுதுகிறோம், விண்டோவை வரைவது யார்?

பைத்தான், டிசிஎல் போன்றவற்றை ஸ்கிரிப்ட் மொழிகள் என்பார்கள். நாம் எழுதும் வரிகளை ஒரு மொழிபெயர்ப்பான் அப்படியே படித்து இயக்கும். அந்த மொழிகளுக்கு பட்டன், பெட்டி, மெனு எல்லாம் தாமாக வரையத் தெரியாது. அதற்கு ஒரு துணைக் கருவி வேண்டும்.

அதில் மிகப் பழையதும் பரவலானதும் டிகே. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஊஸ்டர்ஹௌட் 1980-களின் கடைசியில் டிசிஎல் மொழியை உருவாக்கினார். அதோடு சேர்த்து, நாலே வரியில் ஒரு விண்டோவை எழுப்பித் தரும் கருவியாக டிகேயையும் கொண்டுவந்தார். அது பைத்தானுக்குள் ‘டிகின்டர்’ என்ற பெயரில் வந்து சேர்ந்தது. பைத்தானை நிறுவும்போது பெரும்பாலும் கூடவே வந்துவிடும், தனியாக எதுவும் தேட வேண்டாம். அதனால்தான் பைத்தான் கற்றுக்கொள்ளும் பலருடைய முதல் விண்டோ டிகின்டரில்தான் பிறக்கிறது. என்னுடையதும் அப்படித்தான்.

டிகேயின் வாக்குறுதி இதுதான்: ஒருமுறை எழுதுங்கள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஓடவும் செய்கிறது. ஆனால், ஓடுவது வேறு. அந்த ஊர்க்காரரைப் போலப் புழங்குவது வேறு.

வாடகை வீட்டுக்காரர் கதை

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சம்ப், மோட்டார், ஈபி லைன், லிஃப்ட், வாட்ச்மேன் எல்லாம் இருக்கிறது. புதிதாகக் குடிவருபவர் குழாயைத் திறந்தால் போதும், தண்ணீர் வரும். அதை விட்டுவிட்டு, “எனக்கு என் கிணறு போதும்” என்று பால்கனியில் தோண்ட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

இயங்குதளம்தான் அந்தக் கட்டிடம். நம் ஸ்கிரிப்ட் அதில் ஒரு குடித்தனக்காரர். எழுத்தைச் சரியாக வரைவது, விசைப்பலகை, ஃபைலைத் திறக்கும் பெட்டி, மூலையில் வரும் நோட்டிஃபிகேஷன், கீழே டாஸ்க்பாரில் தெரியும் ஐகான், பிரிண்டர் எல்லாம் கட்டிடத்தின் பொது வசதிகள். இவற்றை இயங்குதளத்திடம் கேட்டு வாங்குகிறதா, அல்லது தானே ஒன்றைச் செய்துகொள்கிறதா என்பதில்தான் ஒரு ஸ்கிரிப்ட் விண்டோவின் தரம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவருக்கு இது பெரும்பாலும் அழகுப் பிரச்சினை. தமிழில் வேலை செய்பவருக்கு இது எழுத்துப் பிரச்சினை.

கொம்பு எப்படி இடம் மாறியது?

யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நாம் உச்சரிக்கும் வரிசையில்தான் சேமிக்கப்படும். ‘மே’ என்பதில் முதலில் ‘ம’, பிறகு இரட்டைக் கொம்பு. திரையில் தெரியும்போது அந்தக் கொம்பு ‘ம’வுக்கு முன்னால் வர வேண்டும். ‘கோ’ என்றால் இன்னும் சிக்கல். ஒரு குறி இரண்டாகப் பிரிந்து, எழுத்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ‘கு’வில் எழுத்தின் உருவமே மாறும்.

இந்த இடமாற்றத்தையும் உருமாற்றத்தையும் செய்யத் தனி எந்திரம் உண்டு. இந்த வேலைக்கு ‘ஷேப்பிங்’ என்று பெயர். விண்டோஸில் யூனிஸ்கிரைப், டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட், லினக்ஸில் ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு போனில் இதைப் படித்துக்கொண்டிருந்தால், இந்த வரிகளில் உள்ள கொம்புகளை இடம் பார்த்து வைப்பதும் ஹார்ஃப்பஸ்தான்.

விண்டோஸிலும் மேக்கிலும் டிகே எழுத்து வரையும் வேலையை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அதனால்தான் என் லேப்டாப்பில் மேகலா சரியாக இருந்தார். லினக்ஸில் கதை வேறு. இன்றும் பலரிடம் இருக்கும் டிகே 8.6 பதிப்பு, ஹார்ஃப்பஸ் பக்கம் போகாமல், எழுத்துருவில் இருக்கும் உருவங்களைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிடும். ம, கொம்பு, க, ல, கால். வரிசையாகப் படித்தால் ‘மகேலா’.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பைத்தானோடு வரும் ‘ஐடில்’ என்ற எடிட்டரும் டிகின்டரில் எழுதப்பட்டதுதான். அதன் எழுத்துரு அமைப்புப் பக்கத்தில் பல மொழிகளின் மாதிரி எழுத்துகள் இருக்கும். தமிழும் உண்டு. தமிழ் எண்கள், பிறகு அ, இ, உ, எ. பார்த்ததும் சந்தோஷமாக இருக்கும். ஆனால், கவனியுங்கள், இவற்றில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு கிடையாது, கால் கிடையாது, புள்ளி கிடையாது. ஷேப்பிங் எந்திரமே தேவைப்படாத எழுத்துகள். அந்த மாதிரியைப் பார்த்துவிட்டு “தமிழ் வருது” என்று முடிவுகட்டினால், மேகலா வரும்போதுதான் தெரியும்.

அதனால் உங்கள் டூலைச் சோதிக்கும்போது ‘அம்மா’ என்று மட்டும் அடித்துப் பார்க்காதீர்கள். ‘மேகலா’, ‘கோமதி’, ‘கௌரி’, ‘குருமூர்த்தி’ என்று அடித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே ஒருமுறை கிணறு தோண்டியிருக்கிறோம்

தனித்தனியாகக் கிணறு தோண்டுவது தமிழுக்குப் புதிதல்ல. 1990-களில் தமிழ் மென்பொருள் ஒவ்வொன்றும் தன்னுடைய எழுத்துரு, தன்னுடைய விசைப்பலகை, தன்னுடைய குறியாக்கம் என்று வந்தது. காரணம் உண்டு: அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு உண்மையிலேயே தமிழ் தெரியாது. அதனால் ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் கோலம் போட்டதுபோல வரும். டிடிபி சென்டரில் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற குறியாக்கங்களும் தரமாக்கப்பட்டன. பிறகு யூனிகோடு பரவியது. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், கூடவே டேஸ்16 குறியாக்கத்தையும் ஏற்றது. இன்று தமிழ் எழுத்துரு, விசைப்பலகை எல்லாம் இயங்குதளத்துக்குள்ளேயே வந்துவிட்டன. மேக்கில் இருக்கும் ‘இணைமதி’ எழுத்துருவை உருவாக்கியவர், முரசு அஞ்சலைத் தந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். அதே மேக்கில் தமிழ்99, அஞ்சல் என இரண்டு வகை விசைப்பலகையும் உள்ளேயே இருக்கின்றன.

இத்தனை பேர் இத்தனை வருடம் போராடி, பொதுக் குழாயில் தண்ணீர் வர வைத்திருக்கிறார்கள். நம் ஸ்கிரிப்ட் அந்தக் குழாயைத் திறக்காமல் இருந்தால், 1990-களுக்கே திரும்பிப் போகிறோம் என்று அர்த்தம். ஒவ்வொரு விசை அழுத்தத்தையும் தானே பிடித்து ‘அ’ என்றும் ‘ஆ’ என்றும் மாற்றும் ஸ்கிரிப்ட்களைப் பார்த்திருக்கிறேன். நானே எழுதியும் இருக்கிறேன். பயன்படுத்துபவர் தன் கம்ப்யூட்டரில் தமிழ்99 வைத்திருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். விசைப்பலகையை இயங்குதளத்திடம் விட்டுவிடுவதே நல்லது.

டைடல் பார்க்கில் பிறந்த இயங்குதளம்

“லினக்ஸை யார் பயன்படுத்துறாங்க, விடுங்க” என்று சிலர் சொல்லலாம். நம் ஊரில் அப்படிச் சொல்லிவிட முடியாது.

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் எதிரே தெரிவது டைடல் பார்க். அங்கேதான் மத்திய அரசின் சி-டாக் சென்னை மையம் இருக்கிறது. இந்திய மொழிகளில் இயங்கும் ‘பாஸ்’ லினக்ஸ் அவர்களுடைய தயாரிப்பு. ‘பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பாஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இதன் முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வெளியானது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் லேப்டாப்களிலும் பாஸ் இடம்பெற்றது. அவற்றில் எத்தனையோ, சித்தப்பா கடையில் இருப்பதுபோல, இன்னமும் ஏதோ ஒரு மேசையில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் நாம் புது லேப்டாப்பில் எழுதுகிறோம். அதைப் பயன்படுத்தப்போவது பழைய லேப்டாப்பில் இருக்கும் ஒரு சித்தப்பாவோ அத்தையோதான்.

எழுத்து மட்டும்தானா?

இல்லை. கொம்பு விஷயம் கண்ணில் பட்டது. மற்றவை மெதுவாகத்தான் தெரியவந்தன.

*ஃபைல் பெட்டி:* டிகேயிடம் “ஒரு ஃபைலைத் திற” என்று சொன்னால், விண்டோஸிலும் மேக்கிலும் எல்லோருக்கும் பழகிய பெட்டியே வரும். லினக்ஸில் டிகே தானே வரைந்த ஒரு பழைய பெட்டி வரும். இடது பக்கத்தில் பென் டிரைவின் பெயர் வழக்கம்போலத் தெரியாது. பேக்கப் எடுக்கச் சொன்னால், “பென் டிரைவ் எங்கடா போச்சு?” என்பார் சித்தப்பா.

*அறிவிப்பு:* “நாளைக்கு டெலிவரி” என்று நினைவூட்ட, நான் திரை நடுவில் ஒரு பெட்டியைக் குதிக்க வைத்திருந்தேன். அவர் அளவு எழுதிக்கொண்டிருக்கும்போது அது வந்து மறிக்கும், அடித்துக்கொண்டிருந்த எண்கள் எங்கேயோ போகும். லினக்ஸ் டெஸ்க்டாப்களில் நோட்டிஃபிகேஷனுக்கு என்று பொதுவழி ஒன்று இருக்கிறது. டி-பஸ் என்ற அஞ்சல் வழியாகச் செய்தியைக் கொடுத்தால், இயங்குதளமே அதை மூலையில் காட்டிவிடும்.

*ஐகான்:* விண்டோஸில் பைத்தான் ஸ்கிரிப்ட்டை ஓட்டினால் டாஸ்க்பாரில் பெரும்பாலும் பைத்தானின் ஐகான்தான் தெரியும். உங்கள் டூல் தன்னை ஒரு தனி ஆப் என்று விண்டோஸிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை என்பதே காரணம். அதற்கென ‘ஆப் யூசர் மாடல் ஐடி’ என்ற அடையாளம் இருக்கிறது. ஒரே வரியில் சொல்லிவிடலாம். பின்னால் வரும் கறுப்பு விண்டோவை மறைக்க, ஃபைல் பெயரின் கடைசியில் ‘பிஒய்’ என்பதற்குப் பதில் ‘பிஒய்டபிள்யூ’ என்று வைத்தால் போதும். லினக்ஸில் என்றால், பெயர், ஐகான், ஓட்ட வேண்டிய கட்டளை இவற்றைச் சொல்லும் ‘டெஸ்க்டாப்’ ஃபைல் ஒன்றை எழுதி வைத்தால் மெனுவில் வந்துவிடும்.

*மங்கலான எழுத்து:* புதுத் திரைகளில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். “எனக்கு அது தெரியும், நானே பார்த்துக்கொள்கிறேன்” என்று ஆப் சொல்லாவிட்டால், விண்டோஸ் அதன் படத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கும். எழுத்து எண்ணெய்க் காகிதம் வழியே பார்ப்பதுபோல மங்கும். இதற்கும் ஓரிரு வரிதான் தீர்வு.

*மேக்கின் மேல்பட்டை:* மேக்கில் மெனு விண்டோவுக்குள் இருக்காது, திரையின் உச்சியில் இருக்கும். வெறும் ஸ்கிரிப்ட்டாக ஓட்டினால் அங்கே ‘பைத்தான்’ என்றுதான் பெயர் வரும். அதை ஓர் ‘ஆப்’ பொதியாகக் கட்டி, உள்ளே இருக்கும் தகவல் ஃபைலில் பெயரையும், எந்த வகை ஃபைல்களைத் திறக்கும் என்பதையும் எழுதினால்தான் மேக் அதை மதிக்கும். அதன் பிறகு ஒரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தாலே உங்கள் டூல் திறக்கும்.

இவை ஒவ்வொன்றும் சின்ன விஷயம்தான். ஆனால், கம்ப்யூட்டரைப் பார்த்தாலே தயங்குகிற ஒருவருக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன: “இது சரியா வேலை செய்யாது. நோட்டே மேல்.”

அப்படியானால் டிகேயை விட்டுவிடலாமா?

அவசியமில்லை. நீங்கள் மட்டும் பயன்படுத்தும் டூல், ஆங்கிலத்தில் மட்டும் என்றால் டிகின்டர் தாராளமாகப் போதும். டிகேயும் நின்றுவிடவில்லை. 2007-ல் வந்த 8.5 பதிப்பில், அந்தந்த இயங்குதளத்தின் தோற்றத்தை ஒட்டிய புதிய பட்டன்களும் பெட்டிகளும் வந்தன. 2024 செப்டம்பரில் வந்த 9.0 பதிப்பில் சிஸ்டம் ட்ரே ஐகான், நோட்டிஃபிகேஷன், பிரிண்ட் மூன்றையும் இயங்குதளத்திடம் நேரடியாகக் கேட்கும் கட்டளைகள் சேர்ந்திருக்கின்றன.

லினக்ஸில் தமிழ் வேண்டும் என்றால் ஜிடிகே அல்லது க்யூடி பக்கம் போவது நல்லது. இரண்டையும் பைத்தானிலிருந்தே பயன்படுத்தலாம், இரண்டிலும் தமிழ் ஒழுங்காக வரும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓட வேண்டும் என்றால் க்யூடி வசதி.

இன்னொரு வழி எலக்ட்ரான். 2013-ல் கிட்ஹப் தொடங்கியது. விஎஸ் கோடு எடிட்டர் இதில்தான் ஓடுகிறது. குரோமியம் பிரவுசரையே உள்ளே வைத்துக்கொண்டு வருவதால் தமிழ் பிரமாதமாக இருக்கும். ஆனால், ஒரு ரூம் தேவைப்பட்டதற்குப் பங்களாவே கட்டியதுபோல. நினைவகம் குறைந்த பழைய லேப்டாப் மூச்சு வாங்கும்.

கொடுப்பதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. பயன்படுத்தப்போகிறவரின் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்த்தீர்களா? உங்களுடையதில் ஓடியது கணக்கில் வராது.
2. கொம்பு, கால், புள்ளி உள்ள பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா?
3. அவர் வழக்கமாகத் தமிழ் அடிக்கும் முறையிலேயே இதிலும் அடிக்க முடிகிறதா?
4. ஃபைலைத் திறக்கும்போது அவருக்குப் பழகிய பெட்டி வருகிறதா?
5. மெனுவிலோ டாஸ்க்பாரிலோ உங்கள் டூலை அதன் பெயரையும் ஐகானையும் வைத்து அவரால் கண்டுபிடிக்க முடிகிறதா?

இன்னொன்றும் உண்டு. கணக்குப் போடும் பகுதியையும் திரையை வரையும் பகுதியையும் தனித்தனி ஃபைல்களில் வையுங்கள். நான் தப்பித்தது அதனால்தான். டெலிவரி தேதி, பாக்கித் தொகை பார்க்கும் பகுதியில் ஒரு வரிகூட மாற்றவில்லை. டிகின்டரில் இருந்த திரையை மட்டும் ஜிடிகேக்கு மாற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

திங்கட்கிழமை கடையில் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். சித்தப்பா பாராட்டுவார் என்று ஓர் எதிர்பார்ப்பு. அவர் திரையைப் பார்த்தார், தலையைத் திருப்பி உள்ளே குரல் கொடுத்தார்.

“மேகலா துணி ரெடியா? சாயங்காலம் வருவாங்க.”

நோட்டு மேசையில்தான் இருந்தது. அதன் மேல் கத்தரிக்கோலை வைத்திருந்தார்.